தம்பியின் ஸ்கீ உங்களுக்கு எதற்கு?

பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட ஒரு வாசகியின் நீண்ட கடிதம் இது. ஆள் அடையாளம் தெரியக்கூடியவற்றை எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 51, எடை 70 கிலோ, உட்கார்ந்து பார்க்கும் வேலை. இருபதுகளின் கடைசியில் நான்கு கோடைகள் வாட்டர் ஸ்கீயிங் செய்தவர், அதாவது படகு கயிற்றால் இழுக்க, காலில் மாட்டிய பலகையில் தண்ணீர்மேல் சறுக்கியவர். ஒற்றை ஸ்கீயில், அதாவது ஸ்லாலத்தில், படகு எழுப்பும் அலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வெட்டிக் கடக்கும் அளவுக்குத் தேறியிருந்தார். அப்புறம் 22 வருட இடைவெளி. போன வருடம் தம்பி படகு வாங்கியதும் பழைய ஆசை திரும்பி வந்துவிட்டது. தம்பி தான் பழகிய போட்டி ஸ்கீயையே அக்காவுக்குக் கொடுத்துவிட்டார். 66 அங்குலம், ஒல்லி, விறைப்பான கார்பன், இரண்டு காலுக்கும் இறுக்கமான பூட்ஸ். பத்துத் தடவை முயன்றால் மூன்று தடவைதான் தண்ணீரைவிட்டு எழ முடிகிறது. எழுந்த பிறகும் மணிக்கு 45 கிலோமீட்டருக்கு மேல் போகப் பயம். ஒவ்வொரு முறையும் இடுப்பு இரண்டு நாள் வலிக்கிறது. மூன்று வாரத்துக்கு முன் ஒரு ஸ்டார்ட்டின்போது இடது பிட்டத்துக்குக் கீழே 'டப்' என்று ஏதோ விட்டது. மறுநாள் தொடையின் பின்பக்கம் முழங்கால்வரை கறுநீலம். இப்போது நடக்க முடிகிறது, கட்டை நாற்காலியில் உட்கார்ந்தால்தான் வலிக்கிறது.

வீட்டில் "இந்த வயதில் இது தேவையா" என்கிறார்கள். தம்பியோ "ஸ்கீயில் ஒன்றும் தப்பில்லை, உன் காலில்தான் பலமில்லை" என்கிறார். இவர் கேட்பது மூன்று. விட்டுவிடலாமா? இன்னும் லேசான புது கார்பன் ஸ்கீ வாங்கினால் எழுவது சுலபமாகுமா? அடுத்த மாதமே இறங்கலாமா? நடுவில் ஒரு வரி: "அகலமான ஸ்கீ கற்றுக்குட்டிகளுக்குத்தானே, அதற்கு இறங்கிவர மனமில்லை."

நான் விளையாட்டு மருத்துவன், கொஞ்சம் ஸ்கீயும் ஓட்டுவேன். ஸ்கீயைப் பற்றிப் பேச எனக்கும் ஆசைதான். ஆனால் உங்கள் கடிதத்தில் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது அந்த 'டப்'. அதை முதலில் பேசிவிடுவோம்.

நடக்க முடிகிறது என்பதால் சரியாகிவிட்டது என்று அர்த்தமில்லை

தொடையின் பின்பக்கத் தசைகளை ஹேம்ஸ்ட்ரிங் என்போம். அவை மேலே, நாம் உட்காரும் எலும்பில், தசைநார்களால் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. இடுப்பு மடங்கியும் முழங்கால் நீட்டியும் இருக்கும் நிலையில் அந்த நார்கள் உச்சக்கட்டமாக இழுபடும். தண்ணீரிலிருந்து எழும் ஸ்டார்ட்டில் அவசரப்பட்டுக் காலை நீட்டினால் என்ன நடக்கும் என்று பாருங்கள். கயிறு மேலுடம்பை முன்னால் இழுக்கிறது, ஸ்கீ பாதத்தைத் தண்ணீரில் பிடித்துவைக்கிறது, முழங்கால் விறைத்துப்போகிறது. நார் எலும்பைவிட்டுப் பிய்வதற்கு இதைவிடத் தோதான நிலை கிடையாது. எலும்பு மருத்துவர்களுக்கு இது வாட்டர் ஸ்கீயிங்கின் தனி அடையாளம் போன்ற காயம். சத்தம், மறுநாள் பரவும் கறுநீலம், உட்கார்ந்தால் வலி என்ற மூன்றையும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

சாதாரணத் தசைப்பிடிப்பாகவும் இருக்கலாம்தான். கடிதத்தை வைத்து என்னால் முடிவு சொல்ல முடியாது. எக்ஸ்ரே எலும்பைத்தான் காட்டும், நாரைப் பார்க்க எம்.ஆர்.ஐ. வேண்டும். இந்த வாரமே ஓர் எலும்பு மருத்துவரைப் பாருங்கள். அவசரப்படுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு நார் மட்டும் விட்டு, எலும்பிலிருந்து அதிகம் விலகாமல் இருந்தால் பெரும்பாலும் பிசியோதெரபியே போதும். இரண்டு மூன்று நார்களும் முழுக்கப் பிய்ந்து 2 சென்டிமீட்டருக்கு மேல் கீழே இறங்கியிருந்தால் அறுவைச் சிகிச்சையைப் பற்றிப் பேச வேண்டிவரும். அதைக் காயம்பட்ட முதல் சில வாரங்களுக்குள் செய்வது எளிது. தள்ளிப்போட்டால் நார் சுருங்கித் தழும்பில் ஒட்டிக்கொள்ளும். பக்கத்திலேயே காலுக்குப் போகும் பெரிய நரம்பு ஓடுகிறது, அதை அந்தத் தழும்பிலிருந்து பிரித்தெடுப்பது பெரிய வேலை. உங்களுக்கு மூன்று வாரம் ஏற்கெனவே கழிந்துவிட்டது. காலில் மதமதப்போ, பாதத்தைத் தூக்குவதில் தளர்ச்சியோ இருந்தால் நாளைக்கே போங்கள்.

ஆக, மூன்றாவது கேள்விக்குப் பதில்: அடுத்த மாதம் கிடையாது. தைக்க வேண்டி வந்தால் அரை வருடமாவது ஆகும். வெறும் பிடிப்புதான் என்று தெரிந்தாலும், கீழே சொல்லப்போகும் பயிற்சிகளை வலியில்லாமல் செய்ய முடிகிற நாள்வரை தண்ணீருக்கு லீவு.

வயது

வீட்டில் கேட்கிற கேள்வி நியாயமானது, அவர்கள் எதிர்பார்க்கிற பதில்தான் தவறு. ஸ்லாலம் போட்டிகளிலேயே 35 வயதுக்கு மேற்பட்ட ஆண்களுக்கு உச்ச வேகத்தை 58-லிருந்து 55 கிலோமீட்டராகக் குறைத்திருக்கிறார்கள். மூத்தோர் பிரிவுகள் அதற்கு மேலும் இருக்கின்றன. போட்டி நடத்துகிறவர்களே வயதுக்கேற்ப வேகத்தை மாற்றிக்கொண்டு விளையாட்டைத் தொடரச் சொல்லும்போது, ஞாயிற்றுக்கிழமை ஸ்கீ ஓட்டுகிற நாம் மாற்றிக்கொள்ள வெட்கப்பட வேண்டியதில்லை.

ஆனால் 29 வயது உடம்பு இல்லை என்பதும் உண்மை. நார்களின் நெகிழ்வு குறைந்திருக்கும், ஒரு நாள் அடிக்கு மூன்று நாள் ஓய்வு கேட்கும். மாதவிடாய் நின்றுவிட்டதா என்று எழுதவில்லை. நின்றிருந்தால் எலும்பின் அடர்த்தியை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். ரத்த அழுத்தத்தையும் பாருங்கள். கயிறு இழுக்கும்போது மூச்சை அடக்கிக்கொண்டு முக்குகிறோம், அந்த நேரத்தில் அழுத்தம் சட்டென்று ஏறும். ரத்தத்தை நீர்க்கவைக்கும் மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இறங்கவே கூடாது. பலருக்குத் தெரியாத இன்னொன்று: சிப்ரோஃப்ளாக்சசின், லிவோஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாட்டிக்குகளுக்குத் தசைநாரைப் பலவீனப்படுத்தும் பக்கவிளைவு உண்டு. அண்மையில் சிறுநீர்த் தொற்றுக்கோ வேறெதற்கோ எடுத்திருந்தால் எலும்பு மருத்துவரிடம் சொல்லுங்கள்.

ஸ்கீ: உங்கள் கேள்வியே வேறாக இருக்க வேண்டும்

"லேசான ஸ்கீ வாங்கினால் எழுவது சுலபமாகுமா" என்று கேட்டீர்கள். எடை குறைவதால் ஸ்டார்ட்டில் பெரிய வித்தியாசம் வராது. தண்ணீரில் உங்களைத் தாங்குவது ஸ்கீயின் அடிப்பரப்பும் படகின் வேகமும்தான். இதில் வேகத்தின் பங்கு நாம் நினைப்பதைவிடப் பெரியது, ஏனென்றால் தாங்கும் விசை வேகத்தின் வர்க்கத்துக்கேற்ப மாறுகிறது. தம்பியின் ஸ்கீ 55 கிலோமீட்டரில் போவதற்கென்று செய்தது. நீங்கள் போவது 45-இல். 45-ஐ 55-ஆல் வகுத்து, வந்ததை அதனாலேயே பெருக்குங்கள். 0.67 வரும். அதாவது அவருக்கு அந்த ஸ்கீ கொடுக்கும் தாங்கலில் மூன்றில் ஒரு பங்கு உங்களுக்குக் கிடைப்பதே இல்லை. ஸ்கீ அந்தக் குறையை மூக்கைத் தூக்கிக்கொண்டும் வாலை அமிழ்த்திக்கொண்டும் ஈடுகட்டப் பார்க்கிறது. படகு உங்களைக் கலப்பை மாதிரி இழுத்துக்கொண்டு போகிறது. இடுப்பு வலிக்கு முக்கியக் காரணம் இதுவாகத்தான் இருக்க வேண்டும். உங்கள் காலில் பலமில்லை என்று தம்பி சொன்னதை இந்தக் கணக்கோடு அவருக்குத் திருப்பிச் சொல்லலாம்.

அகலமான ஸ்கீ கற்றுக்குட்டிக்கு என்ற எண்ணத்தையும் விட்டுவிடுங்கள். 1922-இல் அமெரிக்காவின் மினசோட்டாவில், பெப்பின் ஏரியில், ரால்ஃப் சாமுவேல்சன் என்ற 18 வயதுப் பையன் முதன்முதலாகத் தண்ணீரில் சறுக்கியபோது முதலில் பீப்பாய்ப் பலகைகளைக் கட்டிப் பார்த்தான், பிறகு பனிச்சறுக்கு ஸ்கீயை. இரண்டும் உதவவில்லை. கடைசியில் எழ வைத்தது 8 அடி நீளம், 9 அங்குல அகலப் பலகைகள். அகலம்தான் இந்த விளையாட்டின் ஆரம்பமே. இப்போது வரும் அகல ஸ்லாலம் ஸ்கீக்கள் அந்தக் காலத்துப் பலகையும் இல்லை. முன்பாதத்துக்குக் கீழே பரந்தும், வாலில் ஒடுங்கியும், அடியில் குழிந்தும் இருப்பதால் நிதான வேகத்திலும் நன்றாகத் திரும்பும்.

அளவு பார்க்க ஒவ்வொரு தயாரிப்பாளரிடமும் அட்டவணை இருக்கும். ஒரு பக்கம் எடை, ஒரு பக்கம் படகின் வேகம். எடை என்றால் இன்றைக்குத் தராசில் ஏறிப் பார்த்த எடை. வேகம் என்றால் போக ஆசைப்படும் வேகமில்லை, போகிற வேகம். இந்த இரண்டு பொய்களையும் நான் என் 47 வயதில் சொல்லிக்கொண்டு ஒரு ஸ்கீ வாங்கினேன், ஒரு முழுப் பருவமும் தண்ணீர் குடித்தேன். இரண்டு அளவுக்கு நடுவில் விழுந்தால் பெரியதை எடுங்கள். கார்பன் அதிகமாகச் சேர்த்தால் ஸ்கீ விறைக்கும், திருப்பம் முடிந்ததும் வெடுக்கென்று பாயும். உங்களுக்கு இப்போது அந்தப் பாய்ச்சல் வேண்டாம். ஃபைபர்கிளாஸ் கலந்த, கொஞ்சம் வளைந்துகொடுக்கும் நடுத்தர வகை சின்னச் சின்னத் தப்புகளை மன்னிக்கும், விலையும் இறங்கும். ஸ்கீயின் வாலுக்கு அடியில் துடுப்பு மாதிரி நிற்கும் தகடான ஃபின்னைக் கம்பெனி வைத்த இடத்திலேயே விடுங்கள். அதில் ஒட்டியிருக்கும் குட்டிச் சிறகு வேகமாக வந்து திரும்புகிறவர்கள் வேகத்தைத் தணிப்பதற்கானது. உங்களுக்கு அதனால் பெரிய பலன் இல்லை, கழற்றி வைக்கலாம்.

வாங்குவதற்கு முன் இரவல் வாங்கியாவது இரண்டு வெவ்வேறு ஸ்கீக்களில், ஒவ்வொன்றாக, எழுந்து பாருங்கள். பழையது வாங்கினால் அடிப்பக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே போங்கள். எங்காவது மெத்தென்று உள்ளே போனால் வேண்டாம். வெயிலில் கிடந்த ஸ்கீ உள்ளே பிரிந்திருக்கும்.

பைண்டிங்: இறுக்கம் பாதுகாப்பு இல்லை

பைண்டிங் என்பது காலை ஸ்கீயோடு பிடித்துவைக்கும் பூட்ஸும் பட்டையும். விழும்போது கால் கழன்று வர வேண்டும், அதே சமயம் திரும்பும்போது குதிகால் உள்ளே ஆடவும் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் பைண்டிங்கின் சூட்சுமமே இருக்கிறது. இரட்டை பூட்ஸில் இரண்டு காலும் ஒன்றாகக் கழன்றால் நல்லது, ஒன்றாக உள்ளே இருந்தாலும் சமாளிக்கலாம். ஒன்று மட்டும் கழன்றால் மாட்டிக்கொண்ட கால் முறுக்கிக்கொள்ளும். போட்டிக்காரர்கள் அதைப் பழகி, சரிபார்த்து வைத்துக்கொள்கிறார்கள். இன்னொருவருடைய பாதத்துக்கு வைத்த பூட்ஸில் அந்தக் கணக்கு எதுவும் உங்களுக்குப் பொருந்தாது.

உங்களுக்கு நான் சொல்வது முன்காலுக்கு நாடா கட்டும் ஒரு பூட், பின்காலுக்குச் செருப்புப் பட்டை மாதிரி விரல்பக்கம் மட்டும் செருகும் பிளேட். ஸ்டார்ட்டில் பின்காலை வெளியே விட்டுத் தண்ணீரில் இழைய விடலாம். அது சுக்கான் மாதிரி உங்களை நேராக வைத்திருக்கும், எழுந்ததும் நிதானமாக உள்ளே செருகிக்கொள்ளலாம். இதிலும் ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். முன்னால் குப்புற விழுந்தால் பின்கால் வந்துவிடும், முன்கால் மாட்டிக்கொள்ளக்கூடும். அதனால்தான் முன் பூட்டை இழுத்து இறுக்கக் கூடாது என்கிறேன். காலை நனைத்து, பூட்டையும் நனைத்துப் போட்டுப் பாருங்கள். குதிகாலை வேண்டுமென்றே இழுத்தால் முக்கிக்கொண்டாவது வெளியே வர வேண்டும். ரப்பரில் வெடிப்பு தெரிந்தால் ஸ்கீ எவ்வளவு நன்றாக இருந்தாலும் பைண்டிங்கை மாற்றுங்கள்.

மற்ற சாமான்கள்

*கயிறு:* முழு நீளம் 23 மீட்டர், போட்டியில் படிப்படியாகச் சுருக்கும்போது முதல் சுருக்கத்தில் 18.25. ஸ்லாலம் கயிறு கொஞ்சம் இழுபட்டுக் கொடுக்கும். வேக்போர்டு என்ற அகல ஒற்றைப் பலகை விளையாட்டின் கயிறு கம்பி மாதிரி, ஒவ்வொரு குலுக்கலும் நேராகத் தோளுக்கும் இடுப்புக்கும் வரும். படகில் எது கிடக்கிறது என்று பாருங்கள். (போட்டியில் தேர்ந்தவர்கள் கயிற்றை 11.25 மீட்டர்வரை சுருக்குவார்கள், அதற்குக் கீழும் போவார்கள். அவர்கள் சுற்றிவர வேண்டிய மிதவையோ படகு போகும் நடுக்கோட்டிலிருந்து 11.5 மீட்டரில் இருக்கும்! உடம்பை நீட்டித்தான் எட்டுவார்கள். வேடிக்கை பார்க்க மட்டும்.)

*கைப்பிடி:* பக்கக் கயிறுகள் நீளமாக, ஆழமான 'வி' வடிவில் இருப்பதை எடுங்கள். ஸ்கீயின் மூக்கை அந்த 'வி'க்குள் வைத்துக்கொண்டால் இடம் வலமாக அலையாது. ஒரு கை மேல்பிடி, மறு கை கீழ்ப்பிடி. கையை அதற்குள் நுழைத்துக்கொள்வது எக்காரணம் கொண்டும் கூடாது.

*லைஃப் ஜாக்கெட்:* போட்டிக்காரர்கள் போடும் மெல்லிய நியோப்ரீன் (ரப்பர் நுரை) வெஸ்ட் பலவும் அடியைத் தாங்கத்தான், மிதக்கவைப்பதற்கென்று அங்கீகாரம் பெற்றவை அல்ல. ஐ.எஸ்.ஓ. 12402-5 என்று அச்சிட்ட, 50 நியூட்டன் மிதப்புள்ளதையோ, உங்கள் நாட்டு நீர்ப் பாதுகாப்புத் துறை ஏற்றுக்கொண்டதையோ வாங்குங்கள். அதுவும் நீச்சல் தெரிந்தவர்களுக்கு, உதவி பக்கத்தில் இருக்கும்போது மட்டும்தான்.

*நியோப்ரீன் ஷார்ட்ஸ்:* இதைக் கூச்சப்பட்டு யாரும் சொல்வதில்லை. கால் அகட்டி விழும்போது தண்ணீர் வேகமாகப் பிறப்புறுப்புக்குள்ளும் ஆசனவாய்க்குள்ளும் பீய்ச்சிக்கொண்டு போய் உள்ளே கிழித்துவிட முடியும். சாதாரண நீச்சலுடை இதைத் தடுக்காது. தடித்த நியோப்ரீன் ஷார்ட்ஸோ வெட்சூட்டோ கட்டாயம். விழுந்த பிறகு ரத்தமோ அடிவயிற்று வலியோ இருந்தால் மறைக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். காதுப்பக்கமாக விழுந்து காது அடைத்து வலித்தாலும் அப்படியே.

அந்த நான்கு நொடி

உங்கள் காயம், இடுப்பு வலி, பத்தில் ஏழு தோல்வி எல்லாமே கயிறு விறைப்பதிலிருந்து நீங்கள் எழுந்து நிற்பதுவரையான நான்கைந்து நொடிக்குள் அடங்குகின்றன. ஸ்கீயின் மூக்கு இரண்டடி முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிறது. எஞ்சின் உறுமியதும் தண்ணீர் நெஞ்சில் மோதி முகத்துக்கு ஏறுகிறது, கண் தெரியவில்லை, முன்கை எரிகிறது. அந்த இடத்தில் எல்லோருக்கும் தோன்றுவது ஒன்றுதான்: காலை ஊன்றி எழுந்துவிடுவோம். அதைத்தான் செய்யக் கூடாது. முழங்கால் நெஞ்சோடு, குதிகால் பிட்டத்தோடு, கை நீட்டியபடி, தலை நிமிர்ந்து ஒரு பந்து மாதிரி இருங்கள். கையை மடக்கி இழுக்காதீர்கள். ஸ்கீ தண்ணீர்மேல் வந்து முகத்தில் அடிக்கும் நீர் நின்ற பிறகுதான் எழ வேண்டும். நான்கு நொடி தாண்டியும் இழுபட்டுக்கொண்டே இருந்தால் கைப்பிடியை விட்டுவிடுங்கள். விட்டால் ஒரு ஸ்டார்ட்தான் போகும். உங்கள் நார் போனதும் விடாமல் பிடித்துக்கொண்ட ஒரு ஸ்டார்ட்டில்தான் என்று நினைக்கிறேன்.

மீதிப் பாதி தம்பியின் கையில். கயிறு விறைக்கும்வரை மெதுவாக ஊர்ந்து, நீங்கள் சொன்ன பிறகு சீராக விசை கொடுக்க வேண்டும். சட்டென்று முடுக்கினால் கைப்பிடி பறிபோகும், தயங்கினால் கலப்பை இழுப்பு. எவ்வளவு வேகம் என்பதை முடிவுசெய்வது கயிற்றின் முனையில் இருப்பவர், ஓட்டுகிறவர் இல்லை. கட்டைவிரல் மேலே என்றால் கூட்டு, கீழே என்றால் குறை, கழுத்துக்குக் குறுக்கே கை என்றால் நிறுத்து. இதைக் கரையிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். உங்களைப் பார்ப்பதற்கென்றே படகில் மூன்றாவது ஆள் வேண்டும், பல இடங்களில் அது சட்டமும்கூட. ஏறும்போது எஞ்சினை நிறுத்தச் சொல்லுங்கள். புரொப்பெல்லர் மட்டுமல்ல, எஞ்சின் ஓடும்போது படகின் பின்மேடைப் பக்கம் கார்பன் மோனாக்சைடு தேங்கி நிற்கும்.

ஆழ்நீர் ஸ்டார்ட்டே வேண்டாமென்றாலும் வழி உண்டு. படகின் பக்கவாட்டில் நீட்டிய பூம் கம்பியைப் பிடித்து எழலாம். அது மேல்நோக்கியும் தாங்குவதால் தொடைக்குச் சுமை வெகுவாகக் குறையும். இரண்டு ஸ்கீயில் எழுந்து ஒன்றை உதறிவிடும் பழைய முறையும் இருக்கிறது. ஆனால் கால் அகன்றுவிட்டால் அதே நாருக்குத்தான் அடி, உதறிய ஸ்கீ வேறு படகுக்காரர்களுக்கு இடைஞ்சல். உங்களுக்கு நான் பூமைத்தான் சொல்வேன்.

தண்ணீருக்கு முன் தரையில்

எலும்பு மருத்துவர் அனுமதித்த பிறகு பிசியோதெரபிஸ்ட் மேற்பார்வையில் வாரம் மூன்று நாள். படுத்துக்கொண்டு இடுப்பைத் தூக்குவதில் ஆரம்பித்து, பிறகு எடையோடு குனிந்து நிமிரும் டெட்லிஃப்ட், கடைசியாக மண்டியிட்டு மெதுவாக முன்சாயும் நார்டிக் பயிற்சி. கால்பந்து வீரர்களுக்கு ஹேம்ஸ்ட்ரிங் காயத்தைக் குறைப்பது நிரூபணமான பயிற்சி அது. கூடவே கம்பியில் தொங்குவது, பிடிக்கு. ஒற்றைக்காலில் உட்கார்ந்து எழ இடது காலும் வலது காலும் ஒரே மாதிரி ஒத்துழைத்தால் இறங்கலாம். முதல் நாள் மூன்று ஸ்டார்ட், வந்தாலும் வராவிட்டாலும் அவ்வளவுதான். களைத்த தசையோடு செய்யும் நாலாவது முயற்சியில்தான் ஆட்கள் என்னிடம் வந்து சேர்கிறார்கள்.

ஸ்கேன் முடிவு வந்ததும் எத்தனை நார், எத்தனை சென்டிமீட்டர் விலகல் என்ற இரண்டை மட்டும் குறித்து எனக்கு மறுபடி எழுதுங்கள். அதுவரைக்கும் ஸ்கீ எதுவும் வாங்க வேண்டாம். தம்பியுடையதை அவரிடமே கொடுத்துவிடுங்கள்.